பிசிஜி: ஒரே ஊசி, ஊருக்கு ஊர் வேறு பதில்

உங்கள் இடது கையின் மேல்பக்கம், தோளுக்குச் சற்றுக் கீழே பாருங்கள். சின்னதாக ஒரு வட்டத் தழும்பு இருக்கும். இந்தியாவில் பிறந்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அது உண்டு. பிறந்த கையோடு போட்ட பிசிஜி ஊசியின் மிச்சம் அது. ஊசி போட்ட இடத்தில் இரண்டு மூன்று வாரத்தில் ஒரு கொப்புளம் வரும், உடைந்து புண்ணாகும், பிறகு தானாகவே ஆறித் தழும்பாகிவிடும். "ஊசி நல்லா பழுத்திருக்கு, வேலை செய்யுது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள்.

சரி, வேலை செய்யுதா?

இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டது என் சித்தி. அவருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது, சர்க்கரை நோயும் உண்டு. பெரியவர்களுக்கும் பிசிஜி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு போன் செய்தார். "நீதான் இதெல்லாம் படிப்பியே, போட்டுக்கலாமா வேண்டாமா, ஒரு வார்த்தைல சொல்லு" என்றார். ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. நான் மருத்துவர் இல்லை, ஆய்வுக் கட்டுரைகளை ஆர்வத்தில் படிப்பவன். ஆனால் இந்த விஷயத்தில் மருத்துவர்களாலும் ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது. ஏன் முடியாது என்பதற்கான விடையின் பெரும்பகுதி நம்ம ஊர்ப்பக்கத்தில்தான் கிடைத்தது: பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில்.

மாட்டுக் கிருமியிலிருந்து வந்த ஊசி

பிசிஜி என்பதில் உள்ள "சி", "ஜி" இரண்டும் இரண்டு பேரின் பெயர்கள். ஆல்பர்ட் கால்மெட், கமீல் கெரன். பிரான்சின் லீல் நகரில் இருந்த பாஸ்டர் நிறுவனத்தில் 1908-இல் இவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். மனிதருக்குக் காசநோய் தரும் கிருமிக்கு நெருங்கிய உறவான, மாடுகளுக்குக் காசநோய் தரும் கிருமியை எடுத்துக்கொண்டார்கள். மாட்டுப் பித்தநீரும் கிளிசரினும் சேர்த்து வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டில் அதை வளர்த்தார்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதுத் துண்டில் வைப்பார்கள். இப்படியே 13 ஆண்டுகள், 230 முறை. நடுவில் முதல் உலகப்போர் வந்தது, லீல் நகரம் ஜெர்மானியர் கைக்குப் போனது. அப்போதும் நிறுத்தவில்லை.

சொகுசாக வளர்ந்த கிருமி தன் மூர்க்கத்தை மறந்துபோனது. ஏன் மறந்தது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. 1990-களில் மரபணு ஆய்வுகள் வந்த பிறகுதான், நோய் உண்டாக்கத் தேவையான ஒரு மரபணுத் துண்டையே அது தொலைத்துவிட்டது என்று தெரிந்தது. 1921-இல் பாரிசில் ஒரு குழந்தைக்கு வாய்வழியாக முதன்முதலில் கொடுத்தார்கள்.

நல்ல பெயரோடு மட்டும் இந்த மருந்து வளரவில்லை. ஜெர்மனியின் லூபெக் நகரில் 1930-இல் பிசிஜி கொடுக்கப்பட்ட சுமார் 250 குழந்தைகளில் 70-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உள்ளூர் ஆய்வகத்தில் நிஜமான காசநோய்க் கிருமி மருந்தோடு கலந்துவிட்டதுதான் காரணம் என்று விசாரணையில் தெரிந்தது. இங்கே சென்னை கிண்டியில் 1948-இல் பிசிஜி தயாரிக்கும் ஆய்வகம் தொடங்கி, நாடு முழுக்க ஊசி போடும் இயக்கம் சூடுபிடித்த காலத்தில், 1955-இல் ராஜாஜி அதை வெளிப்படையாக எதிர்த்தார். போதுமான ஆதாரம் இல்லாமல் இத்தனை லட்சம் பேருக்குப் போடலாமா என்பது அவர் வாதத்தின் சாரம். அன்றைக்கு அரசு தரப்பு அதை ஒதுக்கித் தள்ளியது. ஆனால் "ஆதாரம் எங்கே?" என்ற கேள்வி மட்டும் நியாயமானது.

இங்கிலாந்தில் ஒன்று, அமெரிக்காவில் இன்னொன்று

ஏன்னா, ஆதாரம் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டிருந்தது.

1950-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கியது. பள்ளியை முடிக்கும் 14, 15 வயதுப் பிள்ளைகள் சுமார் 54,000 பேர். 20 ஆண்டுக் கணக்கைப் பார்த்தபோது, தடுப்பூசி போட்டவர்களுக்குக் காசநோய் 77 சதவீதம் குறைவாக வந்திருந்தது. பிரமாதமான முடிவு.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் தென்பகுதியில், ஜார்ஜியா, அலபாமா மாநிலங்களில் இன்னொரு சோதனை நடந்தது. அங்கே கிடைத்த பாதுகாப்பு வெறும் 14 சதவீதம்.

ஒரே பெயருள்ள ஊசி. ஒரு நாட்டில் கிட்டத்தட்ட கவசம், இன்னொரு நாட்டில் ஒப்புக்குச் சப்பாணி. ஏன் இப்படி? ஒரு தரப்பு, "மருந்து வேற வேற" என்றது. அதில் உண்மை உண்டு. பாரிசிலிருந்து பல நாடுகளுக்குப் போன கிருமியை ஒவ்வொரு ஆய்வகமும் தன் பாணியில் வளர்த்தது. ஒரே தயிரை உறைக்கு வாங்கிப்போன பத்து வீட்டில் பத்து ருசி வருகிற மாதிரி, டென்மார்க் வகை, ரஷ்ய வகை, ஜப்பான் வகை என்று பிரிந்துவிட்டது. இன்னொரு தரப்பு, "ஊர் வேற, அங்க இருக்கிற மக்களோட உடம்பு ஏற்கெனவே சந்திச்ச கிருமிகள் வேற" என்றது.

இந்தச் சண்டையைத் தீர்க்க ஒரு பெரிய சோதனை தேவைப்பட்டது. காசநோய் நிறைய இருக்கும் ஊரில், ஒன்றுக்கு இரண்டு வகை மருந்தை வைத்து, சந்தேகத்துக்கு இடமில்லாத அளவு ஆட்களோடு நடத்த வேண்டும்.

செங்கல்பட்டு, 1968

அந்த இடம்தான் சென்னைக்கு மேற்கே, திருவள்ளூரை ஒட்டிய கிராமங்கள். அன்றைக்கு அது செங்கல்பட்டு மாவட்டம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மூன்றும் சேர்ந்து 1968-இல் தொடங்கின.

இதன் அளவை நினைத்துப் பார்த்தால் இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. 209 கிராமங்கள், அதோடு சில நகரப் பகுதிகள். 2,81,161 பேருக்கு ஊசி. கைக்குழந்தையிலிருந்து முதியவர் வரை. பிரெஞ்சு வகை ஒன்று, டென்மார்க் வகை ஒன்று, ஒவ்வொன்றிலும் அதிக அளவு, குறைந்த அளவு என்று இரண்டு. மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று ஊசி. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறை தீர்மானித்தது. அதன்பிறகு இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை ஊர் ஊராக எக்ஸ்ரே எடுத்து, சந்தேகமானவர்களின் சளியைச் சோதித்தார்கள். கணினி வசதி கைக்கு எட்டாத காலம். பேரேடும் அட்டையும் ஜீப்பும்தான் துணை.

ஏழரை ஆண்டுக் கணக்கு 1979-இல் வெளியானது. உலகமே எதிர்பார்த்திருந்த முடிவு. நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் பிசிஜி போட்டவர்களுக்கும் வெற்று ஊசி போட்டவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. பிரெஞ்சு வகையா, டென்மார்க் வகையா, அதிகமா, குறைவா, எதுவும் பயன் காட்டவில்லை.

"இன்னும் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று 15 ஆண்டு வரை தொடர்ந்தார்கள். அந்த முழுக் கணக்கு 1999-இல் வந்தது. தொடக்கத்தில் காசநோய்த் தொற்றே இல்லை என்று உறுதியான 1,09,873 பேரில் 15 ஆண்டில் 560 பேருக்கு நோய் வந்திருந்தது. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு எதுவும் இல்லை. சிறுவர்களுக்கு மட்டும் 27 சதவீதம். அதையும் தற்செயலாக வந்த எண்ணா, நிஜமா என்று உறுதியாகப் பிரிக்க முடியவில்லை.

வழக்கமாக இப்படி ஒரு முடிவு வந்தால் முதலில் எழும் சந்தேகம், "சோதனையில எங்கயோ தப்பு நடந்திருக்கும்" என்பதுதான். அப்படியும் கிளறிப் பார்த்தார்கள். மருந்து செத்துப்போயிருக்குமோ? இல்லை. ஊசி போட்ட சில வாரங்களில் தோலில் செய்த மான்டூ சோதனையில் உடம்பு நன்றாகவே எதிர்வினை காட்டியிருந்தது. ஆனால் சில ஆண்டுகளில் அந்த எதிர்வினை தேய்ந்துவிட்டது. 1980-இல் கூடிய நிபுணர் குழு, சோதனை ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது என்று ஏற்றுக்கொண்டது.

அப்ப ஏன்?

மண்ணில் இருக்கும் சொந்தக்காரர்கள்

காசநோய்க் கிருமிக்கு ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது. அதில் பெரும்பாலானவை நோய் தராதவை. சேற்றிலும் குளத்திலும் குழாய்த் தண்ணீரிலும் சும்மா வாழ்பவை. வெப்பமான, ஈரமான ஊர்களில் இவை அதிகம். வயலில் இறங்கி, ஏரியில் குளித்து வளரும் ஒரு குழந்தை காசநோய்க் கிருமியைச் சந்திக்கும் முன்பே அதன் ஒன்றுவிட்ட சொந்தங்களைச் சந்தித்துவிடுகிறது. செங்கல்பட்டில் பத்து வயது தாண்டியவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தச் சுற்றுச்சூழல் கிருமிகளுக்குத் தோல் சோதனையில் எதிர்வினை காட்டினார்கள். ஜார்ஜியா, அலபாமாவிலும் இந்த வகை எதிர்வினை அதிகம். பிரிட்டனில் குறைவு. பூமத்திய ரேகையை விட்டு விலக விலக பிசிஜியின் பலன் கூடுகிறது என்று பின்னாளில் பல சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டதும் இதோடு பொருந்துகிறது.

இந்தச் சொந்தக்காரர்கள் பிசிஜியை எப்படிக் கெடுக்கிறார்கள்? இரண்டு விளக்கங்கள் உண்டு.

முதலாவது: பந்தியில் ஏற்கெனவே சாப்பிட்டு எழுந்தவனுக்கு இன்னொரு இலை போட்ட கதை. சுற்றுச்சூழல் கிருமிகளே கொஞ்சம் எதிர்ப்புச் சக்தியைக் கொடுத்துவிட்டன. அதே அளவுதான் பிசிஜியும் கொடுக்கும். ஆகவே ஊசி போட்டவருக்கும் போடாதவருக்கும் வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது: வாசலிலேயே மறிக்கும் காவலாளி. பிசிஜி உயிருள்ள கிருமி. உடம்புக்குள் கொஞ்ச நாள் பெருகினால்தான் எதிர்ப்புச் சக்திக்கு முழுப் பாடம் நடக்கும். ஏற்கெனவே இந்தக் குடும்பத்தின் முகஜாடை தெரிந்த உடம்பு, பிசிஜி உள்ளே வந்ததும் அதைப் பெருக விடாமல் தீர்த்துக்கட்டிவிடுகிறது. பாடம் தொடங்கும் முன்பே மணி அடித்தாயிற்று.

இரண்டாவதற்கு நல்ல ஆதாரம் மலாவி நாட்டின் கரோங்கா பகுதியிலிருந்து வந்தது. அங்கே எடுத்த சுற்றுச்சூழல் கிருமிகளை எலிகளுக்கு முன்கூட்டியே காட்டிவிட்டுப் பிசிஜி போட்டபோது, எலிகளின் உடலில் பிசிஜி பெருகவில்லை, பாதுகாப்பும் வரவில்லை. முதல் விளக்கத்துக்கும் ஆதாரம் உண்டு. மலாவி இளைஞர்களையும் பிரிட்டன் இளைஞர்களையும் ஒப்பிட்ட 2002 ஆய்வில், ஊசிக்கு முன்பே மலாவிக்காரர்களின் ரத்தத்தில் இந்தக் குடும்பத்துக்கு எதிரான எதிர்வினை அதிகம் இருந்தது. ஊசிக்குப் பிறகு ஏற்றம் அதிகம் தெரிந்தது பிரிட்டன் இளைஞர்களிடம்தான்.

கரோங்காவில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. ஏற்கெனவே பிசிஜி போட்டவர்களுக்கு இரண்டாவது முறை போட்டுப் பார்த்தார்கள். 1996-இல் வந்த முடிவில் காசநோய்க்குப் பலன் பூஜ்யம். ஆனால் தொழுநோய் பாதிக்குப் பாதி குறைந்தது! தொழுநோய்க் கிருமியும் அதே குடும்பம்தான். அதே மக்கள், அதே ஊசி, அதே நாள். ஒரு நோயைத் தடுத்தது, இன்னொன்றைத் தடுக்கவில்லை. ஆக, "மருந்து டூப்பு" என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. தடுப்பூசியின் பலன் குப்பிக்குள் மட்டும் இல்லை. யாருக்கு, எந்த வயதில், அதற்கு முன் எதையெல்லாம் சந்தித்த உடம்புக்கு, எந்த நோய்க்கு எதிராக என்ற நாலு கேள்வியையும் சேர்த்துக் கேட்டால்தான் "வேலை செய்யுதா" என்ற கேள்விக்கே அர்த்தம் வரும்.

அப்ப பிறந்த குழந்தைக்கு எதுக்கு?

இந்த இடத்தில் சிலர் அவசரப்பட்டு, "அப்ப பிசிஜியே வீண்" என்று முடித்துவிடுகிறார்கள். வாட்ஸப்பில் அப்படி ஒரு செய்தி எனக்கே இரண்டு முறை வந்திருக்கிறது. அது தவறு. அந்தத் தவறின் விலை ஒரு குழந்தையின் உயிர். அதனால் இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

செங்கல்பட்டு சோதனை பெரும்பாலும் அளந்தது ஒன்றைத்தான்: சிறுவர்களுக்கும் பெரியவர்களுக்கும் வரும் நுரையீரல் காசநோய். கைக்குழந்தைக்கு வரும் காசநோய் வேறு மாதிரி. அதன் எதிர்ப்புச் சக்தி இன்னும் பிஞ்சு. கிருமி நுரையீரலில் நிற்காமல் ரத்தத்தில் ஏறி உடம்பு முழுக்கப் பரவும். மூளையைச் சுற்றியுள்ள உறைக்குப் போய் மூளைக்காய்ச்சலாக மாறும். பிழைத்தாலும் பார்வை, பேச்சு, நடை ஏதோ ஒன்று போகும். பிசிஜி தடுப்பது இந்தப் பரவலைத்தான். ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியான கணக்கின்படி மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை 73 சதவீதமும், உடம்பெங்கும் பரவும் வகையை 77 சதவீதமும் பிசிஜி குறைக்கிறது. 2002-ஆம் ஆண்டில் பிறந்து ஊசி போட்டுக்கொண்ட 10 கோடிச் சொச்சம் குழந்தைகளில், ஐந்து வயதுக்குள் சுமார் 30,000 மூளைக்காய்ச்சல்களை அது தடுத்திருக்கும் என்று அதே கணக்கு சொல்கிறது.

பிறந்த உடனே போடுவதற்கான நியாயமும் மேலே சொன்ன கதையிலேயே இருக்கிறது. மண்ணும் தண்ணீரும் அந்தக் குழந்தையை இன்னும் தொடவில்லை. காவலாளி இன்னும் வேலைக்குச் சேரவில்லை. செங்கல்பட்டில் ஒரு மாதத்துக்குக் குறைந்த பச்சிளம் குழந்தைகள் சோதனையில் சேர்க்கப்படவே இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். குழந்தைக்குப் பிசிஜி போட வேண்டும். அதில் எனக்கு இம்மியளவும் சந்தேகம் கிடையாது.

பெரியவர்களின் நுரையீரல் ஏன் இவ்வளவு கஷ்டம்? காசநோய்க் கிருமி அவசரமே இல்லாதது. ஒரு முறை இரண்டாகப் பிரிய அதற்கு ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். உடம்பு அதைச் சுற்றிக் கோட்டை கட்டிச் சிறை வைக்கும். பத்து இருபது ஆண்டுகூட அப்படியே கிடக்கும். உலக மக்களில் நாலில் ஒருவருக்கு இந்தத் தொற்று இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கே வாழ்நாளில் நோயாக மாறும். மாறும்போது நுரையீரலில் குழி விழும், இருமலில் கிருமி வெளியேறும். அந்தக் குழியைத் தோண்டுவதில் நம் எதிர்ப்புச் சக்திக்கும் பங்கு உண்டு என்பதுதான் கொடுமை. எய்ட்ஸ் முற்றி எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்குக் காசநோய் வந்தால் இந்தக் குழிகள் குறைவாகவே விழுகின்றன. எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பினால் மட்டும் போதாது, சரியான விதத்தில் எழுப்ப வேண்டும். அம்மை, போலியோ போன்றவற்றில் ஜெயித்த உத்திகள் இங்கே தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொரோனா காலத்தில் வந்த ஆசை

2020-இல் உலக வரைபடத்தை வைத்துக்கொண்டு பலரும் ஒரு கணக்குப் போட்டார்கள். பிசிஜி போடும் நாடுகளில் கொரோனா குறைவு, போடாத நாடுகளில் அதிகம். "அப்ப நம்ம தழும்புதான் நம்மளக் காப்பாத்துது" என்று டிவியிலும் வந்தது. அதற்கு அறிவியல் அடிப்படையே இல்லை என்று சொல்ல முடியாது. பிசிஜி நம் உடலின் முதல்நிலைக் காவல் அணுக்களைப் பொதுவாகவே கொஞ்சம் உசுப்பிவிடுகிறது என்பதற்கு ஆய்வுகள் உண்டு. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குப் பிசிஜியைச் சிகிச்சையாகவே கொடுக்கிறார்கள்.

ஆனால் நாடுகளை ஒப்பிடும்போது வயது, பரிசோதனை எண்ணிக்கை, தொற்று நுழைந்த தேதி எல்லாமே மாறும். ஆகவே குலுக்கல் முறையில் சோதித்தார்கள். ஐந்து நாடுகளில் மருத்துவத் துறை ஊழியர்கள் சுமார் 4,000 பேர். 2023-இல் முடிவு வந்தது: பிசிஜி கொரோனாவைக் குறைக்கவில்லை. வரைபடம் ஆசை காட்டியது, சோதனை உண்மையைச் சொன்னது. செங்கல்பட்டின் பாடத்தை இன்னொரு முறை படித்த மாதிரி.

சித்தியின் கேள்விக்கு வருவோம்

2024-இல் இந்தியாவின் பல மாநிலங்களில், தேர்ந்தெடுத்த மாவட்டங்களில், பெரியவர்களுக்குப் பிசிஜி போடும் திட்டம் தொடங்கியது. 60 வயது தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், புகைபிடிப்பவர்கள், உடல் எடை மிகக் குறைந்தவர்கள், காசநோயாளியோடு வீட்டில் இருப்பவர்கள், சில ஆண்டுகளுக்குள் காசநோய் வந்து குணமானவர்கள் ஆகியோருக்கு. போட்ட மாவட்டத்தையும் போடாத மாவட்டத்தையும் ஒப்பிடுவது நோக்கம். அதாவது இது பலன் உறுதியான மருந்து இல்லை, பலன் உண்டா என்று பார்க்கும் ஆய்வு.

இதற்கு எதிரான சான்றுகள் கனமானவை. செங்கல்பட்டில் பெரியவர்களுக்குப் பலன் இல்லை. கரோங்காவில் மறுமுறை போட்டதில் பலன் இல்லை. பிரேசிலில் சுமார் 2,00,000 பள்ளிப் பிள்ளைகளை வைத்து நடந்த சோதனையிலும் மறுமுறை போட்டதில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. ஆதரவாக ஒரு வெளிச்சம் 2018-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. வளரிளம் பருவத்தினருக்கு மறுமுறை பிசிஜி போட்டபோது, தொற்று நிலைத்து நிற்பது 45 சதவீதம் குறைந்தது. எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அதை உறுதிசெய்ய 1,800-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2025-இல் வந்தது: பலன் இல்லை.

நான் சித்தியிடம் சொன்னது இதுதான். இது ஆய்வு என்று தெரிந்துகொண்டு, விருப்பம் இருந்தால் சேரலாம். அப்படிச் சேர்பவர்களால்தான் பதில் கிடைக்கும். ஆனால் போட்டுக்கொண்டதும் "எனக்கு இனி டிபி வராது" என்று நினைத்துவிடக் கூடாது. பிசிஜி உயிருள்ள கிருமி என்பதால் எச்ஐவி உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் போட்டுக்கொள்ளக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது காசநோய்க்கு எதிராகவும் ஒரு காப்பு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனை செய்துவிட வேண்டும். "இதுக்கு ஊசியே பரவால்ல போல" என்றார் சித்தி.

புது ஊசியும் ஐந்து கிலோ அரிசியும்

2023-இல் மட்டும் உலகில் 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது, 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். நோய் வந்தவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல் இந்தியர். நூறு ஆண்டுக்கும் மேலாகப் பிசிஜியைத் தவிர வேறு காசநோய்த் தடுப்பூசி பயன்பாட்டில் பரவலாகவில்லை.

இப்போது பெரிதாக எதிர்பார்க்கப்படுவது எம்72 என்ற ஊசி. இதில் உயிருள்ள கிருமி இல்லை. காசநோய்க் கிருமியின் இரண்டு புரதங்களை ஒட்டி, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பொருளோடு கலந்தது. ஏற்கெனவே தொற்று உள்ள பெரியவர்களுக்கு, அது நோயாக மாறாமல் தடுப்பதுதான் குறி. கென்யா, தென்னாப்பிரிக்கா, சாம்பியாவில் நடந்த இரண்டாம் கட்டச் சோதனையில் மூன்று ஆண்டில் சுமார் 50 சதவீதம் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் அந்த 50 சதவீதத்துக்குப் பின்னால் இருக்கும் எண்களையும் பாருங்கள்: ஊசி போட்டவர்களில் 13 பேருக்கு நோய், போடாதவர்களில் 26 பேருக்கு. மொத்தமே 39 பேர். அதனால்தான் சுமார் 20,000 பேரை வைத்து மூன்றாம் கட்டச் சோதனை 2024-இல் தொடங்கியது. பெரும்பகுதி ஆப்பிரிக்காவிலும், கொஞ்சம் இந்தோனேசியாவிலும் நடக்கிறது. அதில் ஜெயித்தாலும் செங்கல்பட்டு நம்மை விடாது. "இந்த மண்ணுல, இந்த உடம்புல?" என்ற கேள்வியை இங்கேயும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

கடைசியாக இன்னொரு சோதனை. இதில் ஊசி கிடையாது. ஜார்க்கண்டின் நாலு மாவட்டங்களில் மருத்துவர்கள் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழுவினர் நடத்தியது. காசநோயாளிகளின் வீட்டில் இருந்த 10,345 பேரை எடுத்துக்கொண்டார்கள். நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப் பை கிடைத்தது. வீட்டில் உள்ள மற்றவர்களில் ஒரு பிரிவுக்கு மட்டும் தலைக்கு மாதம் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. 2023-இல் முடிவு வெளியானது. உணவு கிடைத்த வீடுகளில் காசநோய் 39 சதவீதம் குறைந்தது. மற்றவர்களுக்குத் தொற்றும் வகையான, கிருமி உறுதியான நுரையீரல் காசநோய் 48 சதவீதம் குறைந்தது. எம்72 காட்டும் எண்ணுக்கு வெகு அருகில்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கோட்டை கட்டிக் கிருமியைச் சிறை வைக்கும் அணுக்களுக்குச் சோறு வேண்டும். பட்டினியில் அந்தக் காவல்தான் முதலில் தளரும். எந்த உடம்புக்குப் போடுகிறோம் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது என்று செங்கல்பட்டு சொன்னது. அந்த உடம்பையே மாற்றினால் என்ன ஆகும் என்று ஜார்க்கண்ட் காட்டியது. புது ஊசி வரட்டும், அது வேண்டும். அதுவரைக்கும், ஒரு வீட்டில் ஒருவருக்கு டிபி என்று தெரிந்ததும் அந்த வீட்டின் மற்ற தட்டுகளில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு எந்த ஆய்வகமும் தேவையில்லை. ரேஷன் கடையே போதும்.